ஆறு கிழமைக் காவல்

முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் நின்று "ஆடாமல் அசையாமல் இருங்கோ" என்று கத்தியவள் நான். ஓய்வு பெற்றதோடு அந்தச் சனியன் விட்டது என்று நினைத்தேன். அறுபத்திரண்டு வயதில் அதே பாட்டை ஒரு நாய்க்குப் பாட வேண்டி வந்தது.

அரியாலையில் எங்கள் ஒழுங்கையில், அந்தக் குறுகல் தெருவில், அவன் ஓடாத இடமில்லை. காலையில் பேக்கரிப் பாண் விற்கிற ஆட்டோ பாட்டுப் போட்டபடி வந்தால் சந்திவரைக்கும் அதைத் துரத்திக்கொண்டு போய்விட்டு, ஏதோ பெரிய வேலை முடித்தவன்போலத் திரும்பி வருவான். வீட்டில் இருப்பது நானும் அவனும்தான். ஒருநாள் திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிள் ஒன்று அடித்துவிட்டது. பின்னங்கால் தொடை எலும்பு இரண்டாக முறிந்தது. மிருக வைத்தியர் தகடு வைத்து ஆணி பூட்டிவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"ஆறு கிழமை, ரீச்சர், நாப்பத்திரண்டு நாள். ஓடவும் கூடாது, பாயவும் கூடாது. தகடு விட்டுதெண்டால் பிறகு காலை எடுக்கிறதுதான்."

முதல் கிழமை மருந்து மயக்கத்தில் கிடந்தான். இரண்டாம் கிழமை தொடங்கியது என் சீரழிவு. முன்னறையில் இருந்த கதிரை, மேசை எல்லாவற்றையும் வெளியே தள்ளினேன். மாபிள் தரை வழுக்கும் என்று சாக்கு விரித்தேன். அணிலைக் கண்டால் எழும்புவான் என்று ஜன்னலுக்குப் பழைய சேலை கட்டினேன். பாண் ஆட்டோ வரும் நேரம் பார்த்து வானொலியைச் சத்தமாகப் போடுவேன். ஒன்றுக்குப் போக, வயிற்றுக்குக் கீழே துவாயைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தபடி முற்றத்துக்குக் கொண்டுபோவேன். என் முதுகு முறிந்ததை யாரும் கேட்கவில்லை.

சும்மா கிடக்கிற நாய்க்கு விசர் பிடித்துவிடும். தேங்காய்ச் சிரட்டைக்குள் சோறும் மீனும் அடைத்து ஐஸ் பெட்டியில் உறைய வைத்துக் கொடுத்தேன். அதை நக்கி முடிக்க அரை மணித்தியாலம் போகும். கருவாட்டுத் துண்டுகளைச் சாக்கு மடிப்புகளுக்குள் ஒளித்து வைத்து, படுத்த இடத்திலிருந்தே மூக்கால் மணந்து தேட விட்டேன். மூக்குக்கு வேலை கொடுத்தால் காலை மறந்துவிடுவான் என்பதை நானாகத்தான் கண்டுபிடித்தேன். அவன் களைத்துப்போய் என் பாதத்தில் தலையை வைத்து உறங்கும்போது, வகுப்பில் ஒரு பிள்ளையிடமும் காணாத பெருமை எனக்கு வந்தது.

ஒரு குறை மட்டும் இருந்தது. முன்னறைக் கதவின் கொழுக்கி தேய்ந்து போனது. பலமாக இடித்தால் கழன்றுவிடும். அதனால் வெளி வாசல் கேற்றை இரவு பகலாகப் பூட்டியே வைத்திருந்தேன்.

ஐந்தாம் கிழமை முடிகிற நேரம் கோவில் திருவிழா வந்தது. சுவாமி எங்கள் ஒழுங்கையால் வருகிற நாளில் வாசலுக்கு வாசல் நிறைகுடம் வைத்து, குத்துவிளக்குக் கொளுத்தி, கேற்றை அகலத் திறந்து வைப்பார்கள். சுவாமி வரும்போது ஒரு கேற் பூட்டிக் கிடந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: அந்த வீட்டில் சாவு நடந்து துடக்கு, தீட்டு. எனக்கு அது தெரியாததல்ல. தெரிந்துகொண்டுதான், அந்த முறை நிறைகுடமும் வேண்டாம், கேற்றும் திறப்பதில்லை, சிரட்டையும் கையுமாக நாயோடு உள்ளே இருப்பது என்று முடிவெடுத்திருந்தேன்.

மேளம் சந்தியில் கேட்கும்போது பக்கத்து வீட்டு அக்கா கேற்றைத் தட்டினார்.

"ரீச்சர், என்ன பூட்டிக் கிடக்கு? துடக்கோ எண்டு சனம் என்னட்டைக் கேக்கினம்."

"இல்லையக்கா, நாய்க்குக் காலெல்லே..."

"நாய்க்காகச் சாமிக்குக் கேற் பூட்டுறதோ? ஆரும் கேட்டால் சிரிப்பினம்."

சிரிப்பார்கள். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது எனக்கு. ஒழுங்கை நிறைய நான் படிப்பித்த பிள்ளைகள், அவர்களுடைய தாய் தகப்பன்மார். அவனை முன்னறைக்குள் விட்டு, ஓடிப்போய்க் கொழுக்கியைப் போட்டேன். வாசலில் தண்ணீர் தெளித்து, செம்பில் தண்ணீர் பிடித்து, மாவிலையும் தேங்காயும் வைத்து, கேற்றை இரண்டு பக்கமும் அகலத் திறந்து, அருச்சனைத் தட்டோடு வாசலில் நின்றேன். நாலு பேர் பார்த்துத் தலையாட்டினார்கள். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

ஐயர் தட்டை வாங்கும்போது பின்னால் யாரோ சீனவெடி கொளுத்தினார்கள்.

கொழுக்கி கழன்ற சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அவன் என்னை உரசிக்கொண்டு போனதுதான் தெரிந்தது. மூன்று பாய்ச்சலில் முற்றத்தைக் கடந்து, கேற்றுக்கு வெளியே உள்ள வாய்க்காலைத் தாண்டப் பாய்ந்தான். சுவாமிக்காக நானே தண்ணீர் தெளித்து வைத்த ஈரத் தரையில் அவனுடைய பின்னங்கால் சறுக்கிக் கீழே மடங்கியது. அவன் போட்ட சத்தத்தில் மேளக்காரரே ஒரு கணம் நிறுத்தினார். பிறகு சனம் விலகி வழிவிட, சுவாமி போய்விட்டது. அக்கா, "நாயைப் பிடிச்சுக் கட்டி வைச்சிருக்கலாமே, ரீச்சர்" என்றார்.

தகடு வளைந்திருந்தது. காலை எடுத்தார்கள்.

சுவாமிமேல் எனக்குக் கோபமில்லை. கேற்றைத் திற என்று அது கேட்கவில்லை. அக்காவும் கேட்கத்தான் கேட்டார், திறந்தது நான். நாலு பேரின் தலையாட்டலுக்காக முப்பத்தைந்து நாள் காவலை ஒரு நிமிடத்தில் விற்றவள் நான்.

மூன்று காலால் நாய்கள் நன்றாக ஓடுமாம், எல்லோரும் சொன்னார்கள். இவன் ஓடவில்லை. பாண் ஆட்டோவின் பாட்டுக்குக் காதை மட்டும் நிமிர்த்திவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொள்கிறான். சிரட்டையை முன்னால் வைத்தால் மணந்து பார்க்கிறான்; சோறு உருகித் தண்ணீராகிறது.

இந்த வருடமும் சுவாமி வந்தது. நான் நிறைகுடம் வைக்கவில்லை. கேற்றைப் பூட்டிவிட்டு, படியில் அவன் பக்கத்தில் இருந்தேன். மேளம் நெருங்கும்போது அக்கா கம்பிக்குள்ளால் எட்டிப் பார்த்தார்.

"நாய்தான் இப்ப நல்ல சாதுவாயிட்டுதே, ரீச்சர். பிறகேன் பூட்டு? துடக்கோ?"

"ஓமக்கா, துடக்குத்தான்" என்றேன்.