படகு இழுக்க ஒரு வண்டி

என் வீட்டுக்காரர் போய், காரியமெல்லாம் முடிந்து, வந்திருந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருத்தராக ஊருக்கு விமானம் ஏறி, ஷார்ஜா முவைலா ஃபிளாட்டில் நான் ஒருத்தி மட்டும் மிஞ்சியிருந்த ஒரு சாயங்காலம். சாப்பாட்டு மேஜையில் கிடந்த அவருடைய போன் அடித்தது.

"சார், நீங்க கேட்ட மாதிரியே ஒரு வண்டி வந்திருக்கு. படகு இழுக்கத் தோதான வண்டி. எப்ப வந்து பாக்குறீங்க?"

தமிழ்தான். ராமநாதபுரத்துப் பேச்சு. ஷார்ஜாவில் பழைய வண்டி விற்கிறவர். என் வீட்டுக்காரர் என்றைக்கோ அவரிடம் சொல்லி வைத்திருக்கிறார், அது இப்போதுதான் பழுத்திருக்கிறது. உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"சார் வெளிய போயிருக்கார். வந்ததும் சொல்றேன்."

போனை வைத்தேன். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பொய் சொன்ன உறுத்தலோடு கூட ஒரு சந்தோஷமும் இருந்தது. உலகத்தில் ஒருத்தராவது இன்னும் அவர் வருவார் என்று காத்துக்கொண்டிருக்கிறாரே என்று.

அந்தப் படகைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடலையே பார்க்காமல் வளர்ந்த மதுரைக்காரர் அவர். இங்கே ஆபீஸில் ஏசி டிசைன் பண்ணுகிற வேலை. யாரோ ஊர் திரும்பிய வெள்ளைக்காரரிடமிருந்து ஒரு பழைய ஃபைபர் படகை டிரெய்லரோடு வாங்கினார். தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு ஃபைபர் ஒர்க்‌ஷாப் வளாகத்தில் அதை நிறுத்தி, லீவு நாளெல்லாம் போய் ஓட்டை அடைத்தார், பெயின்ட் அடித்தார், சீட்டு தைத்தார். படகு தயாரானது. இழுத்துக்கொண்டு போகத்தான் வண்டி இல்லை. எங்களிடம் இருந்த சின்னக் காரில் கட்டினால் படகு காரை இழுத்துக்கொண்டு போகும்.

அதனால் வண்டி வேட்டை ஆரம்பித்தது. வாரா வாரம் பொண்ணு பார்க்கப் போகிற மாதிரி கிளம்புவோம். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், கிடைக்கிற ஒரு லீவு நாளையும் இந்த மனுஷன் மண்ணாக்குகிறாரே என்று முணுமுணுத்துக்கொண்டே கூடப் போவேன். அவர் போன உடனே டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துவிடுவார். சட்டை முழுக்க மண். அடியிலிருந்தே பாடம் நடத்துவார். "டிரெய்லர் மாட்டக் கொக்கி இருக்கணும், ஆனா கடல் பட்டிருக்கக் கூடாது. படகு இழுத்த வண்டியை மட்டும் வாங்கிடாதே. படகை இறக்குறப்ப பின்சக்கரம் உப்புத் தண்ணியில நிக்கும். மேலே பளபளன்னு இருக்கும், அடியில துரு தின்னுக்கிட்டு இருக்கும்."

"படகு இழுக்க வண்டி வேணும், ஆனா படகு இழுத்த வண்டி வேணாம். நல்லா இருக்குய்யா உங்க நியாயம்" என்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அப்படி ஒரு வண்டி பார்க்கத்தான் கிளம்பினார். ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை. உள்ளே சட்னி தாளித்துக்கொண்டிருந்த நான், இன்னும் என்ன பண்றீங்க என்று இரண்டு தடவை கத்தினேன். ஷார்ஜாவிலேயே எரித்தோம். அவருடைய அண்ணன் வந்து அஸ்தியை ராமேஸ்வரத்துக்கு எடுத்துப் போனார். படகு மட்டும் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு அங்கேயே நின்றது. ஒரு நாள் கூட தண்ணீரைப் பார்க்காத படகு.

அந்தப் போனை நான் அணைக்கவில்லை. கரண்டு பில், இன்டர்நெட், கோயம்புத்தூரில் படிக்கிற மகளின் காலேஜ் விவகாரம் எல்லாவற்றுக்கும் ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வரும் என்று கேட்டவர்களிடம் சொல்லிக்கொண்டேன். நம்பரை மாற்றுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை, அது எனக்கும் தெரியும். படுக்கப் போகும்போது என் போனுக்கு முன்னால் அவருடைய போனைத்தான் சார்ஜில் போடுவேன்.

அந்த ராமநாதபுரத்துக்காரர் மட்டும் இல்லை. என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அஜ்மானிலிருந்து ஒரு பட்டாணியர் கூப்பிடுவார், துபாய் தேராவிலிருந்து ஒரு மலையாளி வண்டிப் படம் அனுப்புவார். வாட்ஸப்பில் நானே அவர் மாதிரி பதில் போட்டேன். 'அடிப்பக்கம் படம் அனுப்புங்க.' 'கொக்கி ஒரிஜினலா?' எழுதி அனுப்பிவிட்டுப் பார்த்தால், அச்சு அசல் அவர் பேச்சு. ஒரு நாள் அவருடைய ஆபீஸ் நண்பர் பதறிப்போய் என்னைக் கூப்பிட்டார். "சிஸ்டர், அவன் வாட்ஸப்புல ஆன்லைன்னு காட்டுது. நான் டீயைக் கீழ போட்டுட்டேன்." நான்தான் என்றேன். உடம்பைப் பார்த்துக்கச் சொல்லி வைத்துவிட்டார்.

பிறகு நானே வண்டி பார்க்கப் போக ஆரம்பித்தேன். இந்த ஊர் மார்க்கெட்டில் பொம்பளை தனியாகப் போய் நின்றால், முதலில் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள், சார் எங்கே என்று. தனியாள் என்று தெரிந்தால் மொட்டை அடித்து அனுப்புவார்கள். அதனால் எல்லாப் பொம்பளைகளும் சொல்கிற பொய்யைத்தான் நானும் சொன்னேன். "சார் டூட்டியில இருக்கார். வந்துகிட்டே இருக்கார்." சொல்லச் சொல்ல எனக்கே பழகிவிட்டது. கேட்டுக்கு வெளியே ஒரு கார் வந்து நின்றால் நானும் திரும்பிப் பார்ப்பேன். இறங்குகிறது வேறு யாரோவாக இருக்கும். பைத்தியமா என்று என்னையே திட்டிக்கொள்வேன். அடுத்த வாரம் மறுபடி போவேன்.

எந்த வண்டியும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒன்று அமெரிக்காவில் வெள்ளத்தில் மூழ்கி, இங்கே விற்பனைக்கு வந்தது, சீட்டுக்கு அடியில் சேற்று வாடை. ஒன்றுக்கு கியர் ஆயில் கருகின நாற்றம். ஒன்றுக்கு அடிவயிறு முழுக்கப் புதுக் கறுப்புப் பெயின்ட், உள்ளே துரு. இதெல்லாம் நியாயமான குறை. ஆனால் ஒரு வண்டியைக் கலர் பிடிக்கவில்லை என்று தள்ளினேன். இன்னொன்றை நம்பர் சரியில்லை என்று விட்டேன். மகள் போனில் சிரிக்காமல் சொன்னாள், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உனக்கு வண்டி வேணுமா, வேணாமாம்மா?"

எனக்குச் சுருக்கென்றது. வண்டி வாங்கிவிட்டால் அவரை யாரும் தேட மாட்டார்கள். போன் அடிக்காது. அதுதான் விஷயம். அதை அவளிடம் சொல்லவில்லை.

"கார் தூக்கிட்டுப் போற ரெக்கவரி வண்டி பிடிச்சா ஒரே நாள்ல கடல்ல இறக்கிக் கொடுப்பான்" என்றாள்.

"உங்கப்பா படகு நம்ம வண்டிக்குப் பின்னாலதான் போகும்" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன்.

ஒர்க்‌ஷாப்காரர் ஒரு நாள் கூப்பிட்டார். வளாகத்தைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்களாம். கோடை லீவு ஆரம்பிப்பதற்குள் படகை எடுக்காவிட்டால் உடைத்துத்தான் போட வேண்டும், கலாஸ், அவ்வளவுதான் என்றார். அங்கே போய்த் தார்ப்பாயை விலக்கிப் பார்த்தேன். உள்ளே என் வீட்டுக்காரருடைய பழைய தொப்பி அப்படியே இருந்தது. மோந்து பார்த்தேன், பெயின்ட் வாடைதான் வந்தது. தண்ணீரையே பார்க்காமல் இதை உடைக்க விடுவதா என்று ஆத்திரமாக வந்தது. அன்றைக்கே ராமநாதபுரத்துக்காரருக்கு என் வீட்டுக்காரர் போனிலிருந்து செய்தி போட்டேன். 'அவசரம். நல்ல வண்டி இருந்தா சொல்லுங்க.'

இருக்கிறது, வந்து பாருங்கள் சார் என்று பதில் வந்தது.

சார் டூட்டியில் இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டு நான் மட்டும் போனேன். கடலே இல்லாத அல் ஐன் பக்கத்து அரபி ஒருத்தர் ஓட்டிய வண்டி. கொக்கி இருந்தது. என்ன இழுத்தார் என்று கேட்டேன். பாலைவனத்தில் ஓட்டுகிற பைக்குகளை டிரெய்லரில் வைத்து இழுத்தாராம். எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள். பையைப் பானெட் மேல் வைத்துவிட்டு, டார்ச்சை எடுத்து, துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு அடியில் படுத்தேன். ஒரு இரும்புச் சட்டத்தைத் தட்டினேன். பொலபொலவென்று செம்மண் நிறத்து மணல் முகத்தில் கொட்டியது. எவ்வளவு தட்டினாலும் மணல்தான், துரு இல்லை. ஒரு பொட்டு உப்பு இல்லை.

அங்கேயே மல்லாந்து கிடந்தேன். கொக்கி இருக்கணும், கடல் பட்டிருக்கக் கூடாது. அவர் கேட்ட வண்டி. குறை சொல்ல எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை.

வெளியே நின்றிருந்த ராமநாதபுரத்துக்காரர் சொன்னார், "என்ன தங்கச்சி, சத்தத்தையே காணோம். வெலை விசயத்தை நான் சார்கிட்டயே ஒரு வார்த்தை பேசிக்கிர்றேன். அவசரம்னு மெசேஜ் போட்டாக."

வேண்டாம் என்று சொல்ல நான் உருண்டு வெளியே வருவதற்குள் அவர் நம்பரை அழுத்திவிட்டார். பானெட் மேல் இருந்த என் பைக்குள் என் வீட்டுக்காரருடைய போன் அடித்தது. அவர் வைத்திருந்த அதே நாதஸ்வர ரிங்டோன். பழைய வண்டிகள் வரிசையாக நிற்கிற அந்த வெயிலில், கல்யாண வீடு மாதிரி அது பாட்டுக்கு ஊதிக்கொண்டே இருந்தது.

அவர் பையைப் பார்த்தார். தன் போனைப் பார்த்தார். பிறகு மணல் அப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்த என்னையும், வெறும் நெற்றியையும் பார்த்தார். மெதுவாகப் போனை அணைத்தார். "இன்னா லில்லாஹி" என்று, சாவுச் செய்தி கேட்டால் அவர்கள் சொல்கிற வார்த்தையை வாய்க்குள் முழுவதும் சொல்லி முடித்தார்.

"எப்பம்மா?"

புறங்கையால் முகத்து மணலைத் துடைத்தேன். அவர் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து மூடியைத் திறந்து கொடுத்தார். "முகத்தைக் கழுவுங்க. இந்த வண்டியை நான் வேற யாருக்கும் காட்ட மாட்டேன்" என்றார்.

வாங்கினேன். வண்டி என் பெயருக்கு மாறி, முல்கியா என்கிற பதிவு அட்டை கைக்கு வந்த அன்றைக்கு ராமநாதபுரத்துக்காரர் தன் மேஜை இழுப்பறையிலிருந்து எலுமிச்சம்பழங்களை எடுத்தார். தமிழ் வாடிக்கையாளர்களுக்கென்று எப்போதும் வைத்திருப்பாராம். பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சரம்மா, முதல் ஓட்டு யாராவது சுமங்கலியை விட்டு ஓட்டச் சொல்லுங்கள் என்று எனக்கு யோசனை சொல்லியிருந்தாள். அவள் வண்டி வாங்கும்போது அவள் ஓட்டட்டும் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். நானே ஏறி, நானே எலுமிச்சம்பழத்தை நசுக்கினேன்.

கெடு முடிவதற்குள் மகள் காலேஜ் லீவுக்கு வந்தாள். சனிக்கிழமை விடிந்ததும் படகைக் கட்டிக்கொண்டு உம் அல் குவைன் கடற்கரைக்குப் போனோம். வழியெல்லாம் கண்ணாடியில் அந்த வெள்ளைப் படகு பின்னாலேயே வந்தது. தண்ணீருக்குள் சரிந்து இறங்குகிற சிமென்ட் பாதையில் பின்பக்கமாகப் போக வேண்டும். டிரெய்லரோடு பின்னால் போகும்போது ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும் என்பதை, டிவி ரிமோட்டையும் கண்ணாடிக் கூட்டையும் சாப்பாட்டு மேஜையில் வைத்து அவர் காட்டியிருந்தார். அப்போது நான் கொட்டாவி விட்டேன்.

மகள் பின்னால் நின்றாள். "வா, வா, லெஃப்ட்டும்மா, வா, வா." அவரும் நான் கார் நிறுத்தும்போதெல்லாம் இப்படித்தான் பின்னால் நின்று கத்துவார், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்றைக்குக் கோபம் வரவில்லை. "போதும்!" என்றாள். இறங்கிப் போய்ப் பார்த்தேன். பின்சக்கரங்கள் கடலுக்குள் நின்றன. படகு டிரெய்லரை விட்டு மெதுவாகக் கழன்று, ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மிதந்தது. மகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது அவருடைய போன் அடித்தது. முழங்கால் தண்ணீரில் நின்றபடி எடுத்தேன். அந்த அஜ்மான் பட்டாணியர்.

"மேடம், சார் இருக்காரா? படகுக்கு ஒரு வண்டி கேட்டாரே, ஃபர்ஸ்ட் கிளாஸா ஒண்ணு வந்திருக்கு" என்று ஹிந்தியில் கேட்டார்.

வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்தது. படகைப் பார்த்தேன்.

"வண்டி வாங்கியாச்சு பாய்" என்றேன். "சார் இல்லை. இறந்துட்டார். இனிமே கூப்பிடாதீங்க."

அந்தப் பக்கம் எதுவோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. மகள் கயிற்றை விடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா இறந்துட்டார்னு நீ சொல்லி இன்னைக்குத்தாம்மா நான் கேக்குறேன்" என்றாள். இரண்டு பேரும் அந்தத் தண்ணீரிலேயே நின்று அழுதோம். படகு கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தது.

திரும்பும் வழியில் வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவ நிறுத்தினேன். கடல் பட்ட வண்டியை அன்றைக்கே கழுவ வேண்டும், அதுவும் அவர் சொன்னதுதான். பையில் எதையோ தேடிக்கொண்டிருந்த மகள், "அப்பா போன்ல சார்ஜ் இறங்கிப் போச்சும்மா. வண்டியில போடட்டுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம், இருக்கட்டும்" என்றேன்.