தக்கை கட்டிய சாவி

அந்தச் சாவியை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு கைகழுவும் தொட்டிக்குள். துறைமுகத்துக்கு அண்மையில் நாங்கள் வேலை செய்த எஞ்சின் திருத்தும் பட்டறையில், எஞ்சினியர் ஒருநாள் தொட்டியை நிரப்பி, என்னைக் கூப்பிட்டு, சாவியைத் தண்ணீரில் போட்டுக் காட்டினார். கோழிமுட்டை அளவான தக்கை ஒன்று அதில் கட்டப்பட்டிருந்தது. சாவி ஒருமுறை அமிழ்ந்து, மேலே வந்து, தக்கையின் கீழ் தொங்கிக்கொண்டு நின்றது.

"பார்த்தீங்களா ஸ்டோர்ஸ்? தண்ணியில விழுந்தாலும் தாழாது. நீங்க பயப்பட ஒண்டும் இல்ல" என்றார்.

நான் அப்போதே பயந்துவிட்டேன். பயப்பட வேண்டாம் என்று ஒருவர் சொல்கிறார் என்றால், அதற்கு முன்பே பயப்படுவதற்கு ஏதோ ஒன்றை ஆயத்தம் செய்து வைத்திருக்கிறார் என்பது என் அனுபவம்.

பட்டறையின் களஞ்சியம் என் பொறுப்பு. ஆணி, திருகாணி, வாஷர் எல்லாவற்றையும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவது என் வேலை. அதனால் அவருக்கு நான் 'ஸ்டோர்ஸ்'. அவர் ஐரோப்பியர் வழிவந்த பறங்கியர். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் எங்களோடு தனக்கே உரிய ஒரு தமிழில் கதைப்பார். மனைவி போய்ச் சேர்ந்தபின் தனியாக இருந்தவரை அவுஸ்திரேலியாவிலிருந்த மகள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவர் இணங்கியபோது அவரிடம் விட்டுப்போக ஒன்றுதான் இருந்தது: பதினெட்டு அடி நீளமான ஒரு பழைய மோட்டார்ப் படகு. தேக்கு மரம், பித்தளைப் பூண், நடுவில் எஞ்சின், என்னைவிட நான்கு வயது மூத்தது. பேலியகொடையில் களனி ஆற்றங்கரைக் கொட்டகை ஒன்றில் கட்டிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

"வித்தா எஞ்சினைக் கழட்டி எடுத்துக்கொண்டு பலகையை விறகாக்கிப் போடுவாங்கள். உங்கட பேருக்கு எழுதப்போறன். மாசத்தில ஒருக்கா, ஒரு பதினைஞ்சு நிமிசம் ஸ்டார்ட் பண்ணி விடுங்க. வேற ஒண்டும் வேணாம்."

முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எண்பத்து மூன்று ஆடியில், தமிழர் வீடுகளைத் தேடித் தேடி எரித்த கலவரத்தில், நானும் மனைவியும் அவருடைய கொட்டாஞ்சேனை வீட்டில் ஒன்பது நாள் இருந்தோம். கட்டிலை எங்களுக்குத் தந்துவிட்டு அவர் கூடத்தில் பாயில் படுத்தார். அதற்குப் பின் ஒருநாளும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

படகை என் பேருக்கு மாற்றிய கடதாசியை வெள்ளவத்தை வீட்டில் காட்டியபோது மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசித்தாள்.

"உங்களுக்கு விசரே? கடல்ல சண்டை நடக்குது. இந்த நேரத்தில தமிழன்ர பேரில எஞ்சின் பூட்டின வள்ளமோ? பொலிசுக்கு வேற என்ன வேணும்?"

"பொழுதுபோக்குப் படகப்பா. பழசு."

"அதை அவை பிடிச்சுக்கொண்டு போகேக்க சொல்லுங்கோ."

'உரிமையாளர்' என்ற இடத்தில் என் பெயரும் தகப்பனார் பெயரும் முழுமையாக இருந்தன. எந்தச் சோதனைச் சாவடியிலும் இரண்டாவது கேள்வியை வரவழைக்கக்கூடிய பெயர்கள் அவை. பதிவு, அனுமதி, கொட்டகைக்காரரின் கடிதம், எஞ்சினியரின் கடிதம் என்று பதினான்கு கடதாசிகளை ஒரு கோவையில் அடுக்கி, எங்கு போனாலும் கொண்டு திரிந்தேன். வெள்ளவத்தையிலிருந்து பேலியகொடை போய்ச் சேர ஏழு சோதனைச் சாவடிகள். ஒவ்வொன்றிலும் சட்டைப்பையில் தக்கை துருத்திக்கொண்டு நிற்கும். ஒவ்வொன்றிலும் அதை வெளியே எடுத்துக் காட்டி, இது என்ன, எதற்கு, எங்கே என்று சொல்ல வேண்டும்.

ஆனாலும் மாதத்தின் முதல் ஞாயிறு தவறாமல் போனேன். போய், படகின் ஓரத்தில் உட்கார்ந்து, மேற்பலகையின் பித்தளைத் திருகாணிகளை எண்ணினேன். இருநூற்றுப் பதினாறு. எண்ணிவிட்டுத் திரும்பினேன். சாவியை எஞ்சினில் ஒருமுறைகூடப் போடவில்லை. அந்தச் சத்தம் ஆற்றுக்கு அக்கரை வரை கேட்கும். கேட்டவர்கள் யாருடைய படகு என்று விசாரிப்பார்கள். அந்த விசாரணைக்குப் பதில் நானாக இருப்பேன்.

முதல் வருடம் வர்ணம் பூசுவதற்காகப் படகைக் கரையேற்றினார்கள். அப்போதுதான் எனக்கு ஒரு புத்தி தோன்றியது. தண்ணீரைத் தள்ளும் மூன்று இதழ்ப் பித்தளை விசிறியைக் கழற்றிவிட்டால், இது ஓடாத படகு என்று எவருக்கும் காட்டலாம் அல்லவா? கொட்டகைக் காவற்காரர் கழற்றித் தந்தார். அங்கே வைத்தால் யாராவது திருப்பிப் பூட்டிவிடுவார்கள் என்ற பயத்தில், பழைய சேலையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து அரிசித் தகரத்துக்குள் புதைத்தேன். படகைத் திரும்ப ஆற்றில் இறக்கவும் இல்லை. கரையில் கிடந்தால் இன்னும் பாதுகாப்பு என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை எங்கள் ஒழுங்கையைச் சுற்றிவளைத்து வீடு வீடாகத் தேடினார்கள். அரிசிக்குள் கைவிட்ட சிப்பாய் அப்படியே உறைந்து நின்றதும், மற்றவர்கள் எங்களைச் சுவரோடு நிறுத்தியதும், நான் கோவையைத் தூக்கிப் பிடித்து, "போட்டுவ மகே, மகே", படகு என்னுடையது, என்னுடையது என்று, எனக்குத் தெரிந்த மற்றச் சிங்களமெல்லாம் மறந்து கத்தியதும் இன்றைக்கும் அப்படியே ஞாபகம். பொலிஸ் நிலையத்தில் ஐந்தரை மணி நேரம் இருந்தேன். அதிகாரி பதினான்கு கடதாசிகளையும் வாசித்தார். அவற்றில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு கேள்விதான் திரும்பத் திரும்ப: ஒளிக்க ஒன்றும் இல்லையென்றால் இதை ஏன் ஒளித்தாய்? பயத்தில் என்றேன். எதற்குப் பயம் என்றார். உங்களுக்கு என்று சொல்ல முடியுமா? மாலையில் விட்டார்கள், கிழமைக்கு ஒருமுறை வந்து கையெழுத்துப் போடச் சொன்னார்கள். விசிறியையும் திருப்பித் தந்தார்கள்.

"வள்ளத்தில கிடந்தா அது வள்ளத்தின்ர சாமான்" என்றாள் மனைவி. "அரிசிக்குள்ள கிடந்தா அது என்னவாம்? ஒருநாளும் கேளாதேங்கோ என்ர பேச்சை."

இத்தனைக்கும் நடுவே எஞ்சினியருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு மாதத்துக்கு ஒன்று. 'முதல் ஞாயிறு பதினைந்து நிமிடம் ஓட்டினேன். எஞ்சின் நன்றாக இருக்கிறது. சத்தம் சீராக இருக்கிறது.' பிடிபட்டதையும் கையெழுத்துப் போடுவதையும் எழுதவில்லை. ஏழு வருடத்தில் நாற்பத்திரண்டு கடிதங்கள். களஞ்சியத்தில் ஒரு வாஷர் குறைந்தாலும் நித்திரை வராத நான், நாற்பத்திரண்டு முறை பொய் எழுதி, முத்திரை ஒட்டி, தபாற்பெட்டியில் போட்டேன்.

சண்டை ஓய்ந்திருந்த காலத்தில் அவர் மூன்று கிழமைக்கு வந்தார். கையில் பொல்லு, காலில் வீக்கம். வந்த மறுநாளே பேலியகொடைக்குப் போக வேண்டும் என்றார். முச்சக்கர வண்டியில் அவருக்குப் பக்கத்தில் இருந்து, ஒவ்வொரு சாவடியும் வரும்போது இப்போது சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தேன். சாவடிகளில் ஆள் இல்லை. ஏழும் கடந்து போயின. நான் சொல்லவில்லை.

கொட்டகையில் அவர் படகைச் சுற்றி ஒருமுறை நடந்தார். இரண்டு பலகைகளுக்கு நடுவே விரல்நகத்தை விட்டார். நகம் முழுதாக உள்ளே போனது. மரப்படகைத் தண்ணீரில் வைத்திருக்காவிட்டால் காய்ந்து வாய் பிளக்கும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிய வந்தது. பிறகு பின்பக்கம் போய், விசிறி இல்லாத வெறும் தண்டைப் பார்த்தார்.

"எங்க?"

"அரிசித் தகரத்துக்குள்ள, சேர்."

இருமல் வரும்வரை சிரித்தார். நான் அழுதுவிடுவேன் போலிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்குத் தெரியும் ஸ்டோர்ஸ். ரெண்டாவது லெட்டரிலயே தெரியும்."

"எப்பிடி சேர்?"

"பட்டறையில ஃபேன் சத்தம் போடுது எண்டு கம்ப்ளெய்ன். பென்சில் கட்டை எண்டு கம்ப்ளெய்ன். தேத்தண்ணி ஆறிப்போச்செண்டு கம்ப்ளெய்ன். அப்பிடி மனுசன், இந்தக் கிழட்டு எஞ்சினைப் பற்றி ஒரு கம்ப்ளெய்னும் எழுதேல்ல. அப்ப நீங்க அதைத் தொடவே இல்ல."

"பிறகேன் சேர் ஒண்டும் கேட்கேல்ல?"

அவர் படகின் பக்கத்தைத் தடவிக்கொண்டு நின்றார். "லெட்டர் வந்தா நீங்க ஜெயிலுக்கு வெளிய இருக்கிறீங்க எண்டு அர்த்தம். கேட்டிருந்தா வெட்கத்தில எழுதாம விட்டிருப்பீங்க."

அதன்பின் வாளி கேட்டார். உள்ளே தண்ணீர் ஊற்றினால் மரம் ஊறி வெடிப்புகள் மூடும் என்றார். அவர் ஒரு பெட்டியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, காவற்காரரும் நானும் ஆற்றிலிருந்து அள்ளி ஊற்றினோம். முதல் நாள் முப்பத்தேழு வாளி; அவ்வளவும் ஒழுகிப் போயிற்று. மூன்றாம் கிழமை ஒழுகவில்லை. எஞ்சினுக்குள் எண்ணெய் விட்டு, இறுகிப் போயிருந்ததைக் கையால் சுழலப் பண்ணினார். ஆனால் அது ஓடுவதைப் பார்க்க அவருக்கு நாள் இருக்கவில்லை.

அவர் போன அடுத்த மாதம் படகை ஆற்றில் இறக்கி, விசிறியைப் பூட்டி, சாவியைப் போட்டேன். கரையில் கட்டியபடியே பதினைந்து நிமிடம். வீட்டுக்கு வந்து நாலு பக்கம் எழுதினேன்: புகை கண்ணை எரிக்கிறது, சத்தத்தில் காது அடைத்துவிட்டது, புதுச் சட்டையில் எண்ணெய், இருக்கைக்குக் கீழே நண்டு. இருபத்து மூன்று முறைப்பாடுகள். அவருடைய பதிலில் ஒரே வரிதான் இருந்தது: 'இப்போது நம்புகிறேன்.'

சண்டை மறுபடி தொடங்கியது. சாவடிகள் வந்தன. விசிறியை நான் கழற்றவில்லை. மாதாமாதம் போனேன். ஒவ்வொரு முறையும் நாடி தொண்ணூறைத் தாண்டித் துடித்தது. கழுத்தில் விரல் வைத்து எண்ணியிருக்கிறேன். அந்தப் பதினைந்து நிமிடத்தில் ஒரு நிமிடமாவது பயமில்லாமல் இருந்தேன் என்று சொன்னால் அதுவும் அந்த நாற்பத்திரண்டோடு சேரும். எஞ்சினியர் காலமான செய்தி வந்த பிறகும் ஓட்டினேன். முழங்கால் விட்டுப்போனபின், படகை நன்றாக வைத்திருக்கக்கூடிய ஒருவருக்கு எழுதிக் கொடுத்தேன். அவர் புதுப் பூட்டுப் போட்டுக்கொண்டார். பழைய சாவி என்னிடம் தங்கிவிட்டது.

இப்போது ஏழு சாவடிகளில் ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த இடங்களைக் கடக்கும்போது கை தானாகச் சட்டைப்பைக்குப் போகிறது. நேற்று வீட்டுத் தொட்டியை நிரப்பி, சாவியைப் போட்டுப் பார்த்தேன். அமிழ்ந்தது, மேலே வந்தது, தொங்கிக்கொண்டு நின்றது. முன்பைவிடக் கொஞ்சம் தாழ்வாக. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தபோது, தக்கையின் ஓரத்தில் ஒரு வெடிப்பு தெரிந்தது. அதை யாருக்கு எழுதுவது என்று தெரியவில்லை.