போடியில் ஒரு நீராவி எஞ்சினும் என் மகளும்

காலை 6.10. மதுரை ஆரப்பாளையத்திலிருந்து போடி பஸ் கிளம்பியது. தேனிக்கு 75 கிலோமீட்டர், அங்கிருந்து இன்னும் 15. மகள் நிவேதாவைக் கையோடு கூட்டிவரப் போகிறேன். போன மாதம் அவள் கை வெந்துவிட்டதாகப் போன் வந்ததிலிருந்து, குக்கர் விசிலுக்கே எனக்கு உடம்பு தூக்கிப்போடுகிறது. ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டியதும் மேற்கே மலை தெரிந்தது. ரசிக்க மனமில்லை.

8.50. போடி. ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். ஏலக்காய் வியாபாரி ராசு அண்ணாச்சியின் சரக்குக் கிட்டங்கிக்குப் பின்னால், தகரக் கொட்டகையில் எஞ்சின் பளபளவென்று நின்றது. ஒரு காலத்தில் சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளை இழுத்தது. பழைய இரும்புக்குப் போகவிருந்ததை ஆசைப்பட்டு வாங்கியிருக்கிறார். அதை ஓடவைக்க வந்த இன்ஜினீயர்தான் நிவேதா.

ஆயுதபூஜைதோறும் அண்ணாச்சி அதற்குப் பெயிண்ட் அடித்து மாலை போடுவாராம். ஆவி மிஞ்சினால் திறக்கவேண்டிய வால்வுக்கும் சேர்த்து அடித்திருக்கிறார். வால்வு இறுகிவிட்டது. போன மாதம் தீ மூட்டியபோது அழுத்தம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியும் அது திறக்கவில்லை. எல்லோரும் ஓட, இவள் நின்று நெருப்பை வெளியே இழுத்துத் தள்ளியிருக்கிறாள். அதில் வெந்ததுதான் அந்தக் கை.

"பிள்ளைக்குப் புதுச்சட்டை போடுற மாதிரிதான்க்கா அடிச்சேன்" என்றார் அண்ணாச்சி, என் முகத்தைப் பார்க்காமல்.

"மூக்கையும் சேத்துல்ல மூடிட்டீக!" என்றார் ஃபிட்டர் முருகேசன்.

10.30. எங்காவது கசிகிறதா என்று பார்க்க, நெருப்பில்லாமல், பாய்லர் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றினார்கள். நான் வாசலுக்கு ஒதுங்கினேன். "பச்சத்தண்ணிம்மா, ஒழுகுமே ஒழிய வெடிக்காது" என்றாள் நிவேதா. முள் ஏறி நின்றது. பிறகு மெல்ல இறங்கியது. தகடுகளைப் பிணைத்த ரிவெட் வரிசையில் ஈரம் கசிந்தது.

"ஒரு சொட்டுதான ஆத்தா? ஒரு பொட்டு வெல்டு வச்சிருவோம். ஞாயித்துக்கிழமை ஓட்டுறோம்னு ஊரையே கூப்பிட்டிருக்கேன்" என்றார் அண்ணாச்சி அவளிடம்.

"தகடு தேஞ்சிருக்கு அண்ணாச்சி. மாத்தாம தீ வைக்க விடமாட்டேன்."

அண்ணாச்சி வெளியே போனார். பிறகு ஒவ்வொருவராகப் போன் போட்டு, "இப்ப இல்லைங்க" என்று சொல்ல ஆரம்பித்தார்.

மதியம் சாப்பிடும்போது, "கெளம்பு, வீட்டுக்குப் போவோம்" என்றேன்.

"நான் வந்துட்டா நாளைக்கே வெல்டு வச்சு மூட்டிருவாகம்மா."

காலையில் பம்படித்த முருகேசன் அந்த ரிவெட்டுக்கு ஒரு முழம் தள்ளித்தான் நின்றிருந்தார்.

மாலை 4.15 பஸ்ஸில் தனியாக ஏறினேன். பயம் குறையவில்லை. காலையில் ஒருத்திக்காக இருந்தது. திரும்பும்போது அந்தக் கொட்டகையிலுள்ள எல்லோருக்காகவும் இருந்தது.