கூடைக்குள் வைத்த அத்தர்

அத்தர் வைக்கலாம் என்ற யோசனை என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டாலும் வீட்டில் சொல்லிவிடுவார்கள்.

என் மனைவி, கல்முனையில் எங்கள் வீட்டு முன்னறையில் வைத்துப் பிள்ளைகளுக்கான அன்பளிப்புக் கூடைகள் கட்டி விற்கத் தொடங்கிய முதல் வருடம் அது. நோன்புப் பெருநாளும் சித்திரைப் புதுவருடமும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வந்த நேரம். நோன்பு மாதத்திலும் பூட்டாத ஒரு பாலர் பாடசாலையின் டீச்சர், இரண்டுக்கும் சேர்த்து ஒரே கூடையாகக் கேட்டிருந்தார். முஸ்லிம் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள், எல்லாமாக இருபத்துநான்கு பேர். விடுமுறைக்கு முந்திய வியாழக்கிழமை காலையில் கொடுக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பிடித்தால் வருடா வருடம் உங்களிடம்தான், பிடிக்காவிட்டால் கடையில் பார்த்துக்கொள்கிறேன் என்று டீச்சர் சிரித்துக்கொண்டே சொன்னாராம். பாலர் பாடசாலை டீச்சர்மார் எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள். என் மனைவிக்கு அந்தச் சிரிப்பில் ஒரு கிழமை நித்திரை போயிற்று.

எனக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்பு, சுமப்பது. அட்டாளைச்சேனையில் பன் புல்லால் இழைத்த சின்னக் கூடைகளை வாங்கி, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அடுக்கு என் தலைக்கு மேலே போயிருந்தது. “மடியில இரிக்கிறவருக்கும் டிக்கட் எடுங்க காக்கா” என்றார் கொண்டக்டர். நிந்தவூர் தாண்டும்வரை பஸ் சிரித்தது.

கூடைக்குள் மருதமுனைக் கைத்தறித் துண்டொன்றை விரித்து, அதன்மேல் கலர்ப் பென்சில், பலூன், டொபி. இவையெல்லாம் சும்மா கூட்டம். தலைவர், கொக்கிஸ். அரிசிமாவைத் தேங்காய்ப்பாலில் கரைத்து, பூ அச்சைத் தோய்த்து, எண்ணெயில் பொரித்தெடுக்கும் பணியாரம். பெருநாளுக்கும் பொருந்தும், புதுவருடத்துக்கும் பொருந்தும். என் மனைவியின் கொக்கிஸைப் பற்றிச் சாய்ந்தமருதுவரை கதை இருந்தது. டீச்சர் தேடி வந்ததும் அதற்காகத்தான்.

அந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். பெருநாள் முதலில் மூக்குக்குத்தான் வருகிறது, ஆகவே ஒவ்வொரு கூடையிலும் ஒரு குட்டி அத்தர்ப் போத்தல் இருக்க வேண்டும் என்றேன். புத்தகம் வாசிக்கிறவனைக் கட்டினால் இடைக்கிடை இப்படியான வசனங்களைக் கேட்க நேரும். மனைவிக்கு அன்று வாதாடத் தெம்பில்லை. செவ்வாய்க்கிழமை பகல், கொக்கிஸும் அத்தரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க, பொலித்தீனைச் சுற்றி, காற்றுப் போகாமல் டேப் ஒட்டி, றிபன் கட்டினோம். முன்னறைக்குத் தகரக் கூரை. வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

புதன்கிழமை பகல், பெயர்த்துண்டு ஒட்ட என் மச்சினி வந்தாள். மனைவியின் தங்கை, இரண்டு வளவு தள்ளி வீடு. கூடவே அவளுடைய நாலு வயது மகள். அவளுக்கென்று இருபத்தைந்தாவதாக ஒரு கூடை கட்டியிருந்தோம். அவள் அதைப் பிரித்து, கொக்கிஸ் ஒன்றைக் கடித்தாள். கடித்ததைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

“சவுக்காரம்” என்றாள்.

நான் சிரித்தேன். முந்திய கிழமை வட்டிலப்பத்தையும் இவள் சோப் என்றுதான் சொல்லியிருந்தாள். மனைவி சிரிக்கவில்லை. மச்சினி மகளைக் கையில் பிடித்து, மற்றக் கையில் இன்னொரு கொக்கிஸை எடுத்துக்கொண்டு, “வாய் கொப்பளிச்சு விடுறன்” என்று குசினிக்குள் போனாள். திரும்பி வந்தபோது அவள் முகம் வேறாக இருந்தது.

“ராத்தா, புள்ள சொல்லுற சரிதான். எல்லாம் அத்தரா இரிக்கி.”

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்று கேட்டேன். வேறு எந்தக் கேள்வியையும் நான் கேட்டிருக்கலாம்.

“வாசத்தில மச்சான்.”

“வாசம் வேற, ருசி வேற.” நோன்பு நேரத்தில் எனக்குப் பேச்சு கொஞ்சம் கூடுதலாக வரும். மூக்கும் நாக்கும் தனித்தனித் திணைக்களங்கள் என்பதை விளக்கினேன். பூக்கடையில் இருந்துகொண்டு தேத்தண்ணி குடித்தால் தேத்தண்ணி பூவாகிவிடுமா என்று கேட்டேன். “தின்டு பாக்காம ஒரு முடிவுக்கு வரேலாது. நாங்க மூணு பேரும் நோன்பு. நாலு வயசுப் புள்ளட சொல்லக் கேட்டு இருபத்துநாலு கூடையப் பிரிக்கிறதா?”

மனைவி கூடைகளைப் பார்த்தாள். நான் சொல்வது சரியாக இருக்க வேண்டும் என்று அவள் விரும்பியது எனக்குத் தெரிந்தது. இருபது வருடத்தில் அபூர்வமாக நடப்பது.

“மச்சான், நான் சொல்லுறன், ருசி சரியில்ல.”

“அதான் எப்பிடிச் சொல்லுறீங்க?”

“உம்மாவும் தின்ட,” என்றாள் நாலு வயது. “குசினிக்குள்ள. மறுகா துப்பின.”

மச்சினி மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மாதத்தில் சில நாட்கள் பெண்களுக்கு நோன்பில்லை. மார்க்கமே கொடுத்த சலுகை. ஆனாலும் எங்கள் ஊர்களில் அந்த நாட்களில் எந்தப் பெண்ணும் ஆண்களுக்கு முன்னால் ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. குசினிக் கதவைச் சாத்தி, கரண்டிச் சத்தமில்லாமல் சீனி கரைத்துத் தேத்தண்ணி குடிப்பார்கள். ஆண்களும் நோன்பு மாதம் முப்பது நாளும் எல்லாப் பெண்களும் நோன்பு என்று நம்புவதாக நடந்துகொள்வோம். மச்சினி கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெட்கத்தை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, ராத்தாவின் ஓடருக்காக அவளால் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவும் சொல்லியிருந்தாள். வீட்டில் வாசிப்புள்ள ஒரே ஆளுக்கு அது விளங்க நாலு வயதுப் பிள்ளை தேவைப்பட்டது.

நான் கொக்கிஸ் ஒன்றை எடுத்து மூக்கில் வைத்தேன்.

“ஓம். வாசத்திலயே தெரியுது.”

“இவ்வளவு நேரமும்?” என்றாள் மனைவி.

“மூக்கு அடைச்சிரிந்த.”

நோன்பாளி பொய் சொல்லக் கூடாது என்று எனக்குத் தெரியும். அந்த நோன்பின் கணக்கு என்னவாயிற்று என்பதை மறுமையில் கேட்டுக்கொள்கிறேன்.

இருபத்துநான்கு கூடைகளையும் பிரித்தோம். மனைவி மறுபடியும் மா கரைத்தாள். அத்தர்ப் போத்தல்களை ஒரு சப்பாத்துப் பெட்டியில் போட்டு என்னிடம் தந்தாள். டேப் ஒட்டிய பொலித்தீனைக் கிழிக்கும்போது எழும்பிய வாசத்தை இப்போது என்னால் மறுக்க முடியவில்லை. பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு முதல் ஈடு கொக்கிஸ் எண்ணெயிலிருந்து வந்தது. மச்சினி அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மனைவியும் என்னைப் பார்த்தாள்.

“தண்ணி மோட்டரை ஒருக்காப் பாத்திட்டு வாறன்” என்று வெளியே போனேன். நிறுத்தி வைத்திருந்த மோட்டரைப் பத்து நிமிடம் பார்த்தேன். அதில் ஒரு குறையும் இல்லை. திரும்பி வந்து, “எப்பிடி?” என்று கேட்டேன்.

“வாசம் சரி, மச்சான்” என்றாள் மச்சினி.

மறுநாள் காலையில் கூடைகள் போயின. பகலில் டீச்சர் போன் எடுத்தார். ஒரு பிள்ளை வீட்டுக்குப் போகும் வழியிலேயே கொக்கிஸை முடித்துவிட்டு, அடுத்த பிள்ளையின் கூடையில் கை வைத்து அடி வாங்கியதாம். மனைவி போனை வைத்துவிட்டு முகத்தைக் கழுவப் போனாள். வர நேரமாயிற்று.

அத்தர்க் கொக்கிஸ் முழுவதையும் நோன்பு திறந்த பிறகு நானே தின்று தீர்த்தேன். பள்ளிவாசலில் பக்கத்து வரிசைக்காரர், எந்தக் கடை அத்தர் என்று விசாரித்தார்.

பெருநாள் முடிந்து சில நாள் கழித்துத்தான் மனைவி சொன்னாள்: “அண்டைக்கு நீங்க லுஹருக்குப் பள்ளிக்குப் போயிரிந்தா நாங்க ரெண்டு நிமிசத்தில கதைச்சு முடிச்சிரிப்பம்.” அன்று நான் அவளுக்கு உதவியாக இருக்க வேண்டுமென்று மதியத் தொழுகையை வீட்டிலேயே தொழுதிருந்தேன்.

அடுத்த வருடமும் டீச்சர் கேட்டார், இந்த முறை நாற்பது கூடை. சுமக்கும் பொறுப்பு எனக்கே கிடைத்தது, ஒரேயொரு நிபந்தனையுடன். பாங்கு சொன்னதும் பள்ளிக்குப் போய்விடுகிறேன். தொழுது முடித்து மெதுவாக நடந்து வந்து, கேற்றடியில் இரண்டு தரம் செருமிவிட்டுத்தான் உள்ளே நுழைகிறேன்.