ஒட்வார் நரம்பு தேர்ந்தெடுக்கிறார்

நரம்பை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார் ஒட்வார். அப்புறம் மறு கண்ணை மூடிக்கொண்டு. தூண்டில் கயிற்றுக்கும், கொக்கியில் இறகு கட்டிய பொய்ப் பூச்சிக்கும் நடுவே கட்டுகிற, இரண்டு ஆள் நீள நைலான் நரம்பு. கல்யாணத்துக்கு முன் மனைவி குன்வோரைக்கூட மனிதர் இவ்வளவு உற்றுப் பார்த்திருக்க மாட்டார்.

"தண்ணி தெளிஞ்சிருக்கு. பன்னெண்டு கிலோ தாங்குறது தடிமன், மீனு பாத்துடும். எட்டு கிலோன்னா அறுந்துடும்…"

கௌலா ஆற்றில் எங்கள் மடுவுக்கு ஒரு முறை உண்டு. ஒரு வீச்சு, பிறகு நீரோட்டத்தோடு ஓர் அடி கீழே. முன்னவர் நகர்ந்தால்தான் அடுத்தவர் இறங்கலாம். முதல் ஆள் ஒட்வார் என்றால் மற்றவர்கள் கரையில் காப்பி குடித்தே வயிற்றைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

"யோவ், சால்மன் கடலுக்கே திரும்பிடும்யா!" என்று கத்தினான் கரையில் காத்திருந்த சிக்பியோர்ன்.

"நரம்புல அவசரம் கூடாதுப்பா. அதான் உனக்கும் எனக்கும் வித்தியாசம்."

வித்தியாசம் வாஸ்தவம்தான். சிக்பியோர்ன் இந்தக் கோடையில் நாலு மீன் பிடித்திருக்கிறான். ஒட்வார் ஒன்பது கோடையாக ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. பழியெல்லாம் நரம்புக்கு! ஒரு வருஷம் தடிமன், ஒரு வருஷம் மெலிசு, ஒரு வருஷம் கடைக்காரன் அயோக்கியன்.

இன்று பருவத்தின் கடைசி நாள். வாஃபிள் டப்பாவோடு வந்த குன்வோர் எல்லோர் காதிலும் விழவே சொன்னாள்: "இன்னிக்கும் வெறுங்கைன்னா தூண்டில வித்துட்டு அடுத்த கோடைக்கு ஸ்பெயின் கடற்கரை. ஆமா, சொல்லிட்டேன்."

வெயிலென்றாலே ஆகாத மனிதர். முகம் வெளுத்துப்போயிற்று, பாவம்.

கடைசியில் பத்துக் கிலோ நரம்புக்கு யோகம் அடித்தது. தேர்ந்தெடுக்க முக்கால் மணி நேரம், முடிச்சுப் போட முக்கால் நிமிஷம். ஆற்றில் இறங்கினார். அவருக்குப் பின்னால் நான்.

ஏழாவது வீச்சில் தூண்டில் கொம்பு வில்லாக வளைந்தது. அடேயப்பா! ஒரே ஒரு துள்ளல், தொட்டில் பிள்ளை அளவு மீன். கரையே கூச்சலிட்டது. வாஃபிளைக் கடிக்க மறந்து நின்றாள் குன்வோர். சட்டென்று கொம்பு நிமிர்ந்துவிட்டது. இத்தனை நாள் கேலி பேசிய நானே வீச்சை நிறுத்திவிட்டு அவர் பக்கம் நடந்தேன்.

நரம்பு அறுந்திருந்தால் நுனி நேராக இருக்கும். முடிச்சு அவிழ்ந்திருந்தால் பன்றி வாலாகச் சுருண்டிருக்கும். அப்போது குற்றம் நரம்பின் மேலில்லை, கட்டியவன் மேல். இந்த ஆற்றங்கரையில் இது தெரியாதவர் கிடையாது.

ஒட்வார் நுனியை இழுத்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். நன்றாகச் சுருண்டிருந்தது.

"அறுந்துச்சா, அவுந்துச்சா?" கரையிலிருந்து குன்வோரின் குரல்.

ஒட்வார் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். சுருளைப் பல்லால் நறுக்கி ஆற்றில் துப்பினார். பிறகு திரும்பி, நேரான நுனியைத் தலைக்கு மேல் உயர்த்திக் காட்டினார்.