எகிப்துச் சீமாட்டியும் எங்கள் முதலாளியம்மாவும்

உயிரோடு இருந்த ஒரு பெண்மணிக்கு இரங்கற்பா எழுதி, அதை அவர் முன்னிலையிலேயே கடைசி வரி வரைக்கும் வாசித்தவன் நான். இதைவிடப் பெரிய மடத்தனம் செய்தவர்கள் இருக்கலாம். அவர்களுக்குச் செய்யுள் எழுத வந்திருக்காது.

அப்போது சிவகாசியில் ஒரு லித்தோ அச்சகத்தில் எனக்கு வேலை. தீப்பெட்டிக்கும் வெடிக்கும் ஒட்டுகிற லேபிள்களுக்குப் பெயர் வைக்க வேண்டும், படம் தேடிக் கொடுக்க வேண்டும், ‘ஒப்பற்ற ஒளி, கண்கவர் வண்ணம்’ என்று இரண்டு வரி எழுத வேண்டும். படித்தவன் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் காப்பாற்றுவதற்காக, பழைய காகிதக் கடையில் எடைக்கு வந்து விழும் இங்கிலீஷ் படப் புத்தகங்களை வாங்கி வைத்துக்கொள்வேன். யானை, புலி, மயில், கப்பல் எல்லாவற்றையும் எல்லாக் கம்பெனிக்காரர்களும் அடித்துத் தீர்த்துவிட்டிருந்தார்கள். புதிய படத்துக்கு அலைந்த காலம்.

அப்படி வந்த ஒரு புத்தகத்தில்தான் அந்த எகிப்துச் சீமாட்டியைப் பார்த்தேன். மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய பிரபு வீட்டுப் பெண். மரச்சிலை. உடம்போடு ஒட்டிய வெள்ளை உடை, தோள் வரை சரம் சரமாகப் பின்னித் தொங்கும் பொய்முடி, மார்பின் மேல் மடங்கிய ஒரு கை. முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் விருந்தாளி வாசலில் செருப்பைக் கழற்றுவதைப் பார்த்துவிட்ட வீட்டுக்காரி போல, இதோ சிரிக்கப்போகிறேன் என்கிற தோரணை. மத்தாப்புப் பெட்டிக்கு இவரைவிட்டால் ஆள் கிடையாது என்று முடிவு செய்தேன். எங்கள் ஓவியர் ஒரு பொட்டு, மூக்குத்தி, கைநிறைய வளையல் சேர்த்துக் கொடுத்தார். பொட்டில்லாத முகத்தைத் தீபாவளிக்கு எவன் வாங்குவான் என்பது அவர் கட்சி.

எங்கள் அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் முகம் போட்ட எந்த லேபிளும் முதலாளியம்மா பார்த்துச் சரி சொல்லாமல் மெஷின் ஏறாது. எப்போதோ ஒரு அழுமூஞ்சி லேபிள் வெளியே போய், அந்த சீசன் முழுக்க மழை பெய்து சரக்கெல்லாம் நமுத்துப் போனதாம். அதிலிருந்து வந்த ஏற்பாடு. முதலாளி குடும்பம் இருந்தது விருதுநகரில். ஆகவே மாதிரித் தாளைச் சுருட்டிக்கொண்டு நான் பஸ் ஏறினேன்.

முதலாளியம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். பிள்ளைகள் இல்லை. தொழிலை முதலாளியின் அண்ணன் மகன்கள் எடுத்துச் செய்துகொண்டிருந்தார்கள். படத்தைக் கையில் வாங்கியவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, “யாரு தம்பி இவுக?” என்றார்.

ஒரு ராணி என்று சொல்லியிருந்தால் அன்று சாயங்காலமே மெஷின் ஓடியிருக்கும். படித்தவனால் அப்படிச் சுருக்கமாக நிறுத்த முடியாது. இது சமாதிக்குள் வைக்கிற சிலை என்றேன். உடம்புக்கு என்ன ஆனாலும் உயிர் வந்து தங்க ஓர் இடம் வேண்டும், அதற்குத்தான் சிலை என்றேன். காலடியில் பெயரை வெட்டி வைப்பார்கள், அந்தப் பக்கம் போகிறவர்கள் நின்று அந்தப் பெயரைச் சொல்லி, ‘இவருக்கு ரொட்டியும் தண்ணீரும் கிடைக்கட்டும்’ என்று வாயால் சொன்னால் போதும், அது அவருக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை என்று, ஏதோ நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தவனைப் போல விளக்கினேன்.

“பிள்ளைக வந்து செய்யணும்னு இல்லையா?”

“இல்லைம்மா. யார் சொன்னாலும் சரி.”

“வழிப்போக்கன் சொன்னாலுமா?”

“வழிப்போக்கனை நம்பித்தான் எழுதியே வச்சிருக்காங்க.”

அவர் படத்தை இன்னொரு முறை பார்த்தார். பிறகு, சமாதிப் பொம்மையை ஒட்டித் தீவாளிச் சரக்கு விற்கிற யோசனை யாருடையது என்று கேட்டார். நான் ஓவியரைக் காட்டிக்கொடுத்தேன். லேபிள் ரத்து. கிளம்பும்போது, “அந்தப் படத்தை மட்டும் இங்கன வச்சிட்டுப் போங்க,” என்றார். ஒரு லேபிள் போயிற்றே என்ற வருத்தத்தில் அவர் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை.

அடுத்த சித்திரையில் ஒருநாள் காலை பத்து மணிக்கு, விருதுநகரிலிருந்து வந்த பஸ் சிவகாசியில் செய்தியை இறக்கியது. முதலாளியம்மா போய்விட்டாராம். மாலை போட்ட அவருடைய சிலை வண்டியில் ஏறி பஜார் வழியாக வீட்டுக்குப் போனதைக் கண்ணால் பார்த்தவர்களே சொன்னார்கள். சிலை போன பாதையில் கடைக்காரர்கள் பாதிக் கதவை இறக்கிவிட்டார்களாம்.

நடந்தது இதுதான். கோபுரத்துக்குச் சுதைப் பொம்மை செய்கிற ஒருவரை வைத்து, முதலாளியம்மா தமக்கே ஒரு சிமெண்டுச் சிலை செய்வித்திருந்தார். வெறுங்கழுத்தோடு சிலையை ஊருக்குள் கொண்டுபோகக் கூடாது என்று, வண்டிக்காரர் ரோட்டோரத்தில் ஒரு மாலை வாங்கிப் போட்டுவிட்டார். எங்கள் பக்கத்தில் ஒரு மனுஷ உருவத்துக்கு மாலை விழுந்தால் அர்த்தம் ஒன்றுதான். போன அன்றைக்கே சிலை எப்படித் தயாராகும் என்று ஒரு ஆள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஆர்டர் கொடுத்த மறுநாளே லேபிள் அடித்து லோடு ஏற்றிப் பழகியவர்களுக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை.

மெஷினை நிறுத்திவிட்டு லாரியில் ஏறினோம். ஓவியர் உட்பட இருபது பேர். ஆளுக்கொரு துண்டு, எல்லோருக்கும் சேர்த்து ஒரு மாலை. லாரி குலுங்கக் குலுங்க, பழைய லேபிள் தாளின் பின்பக்கத்தில் நான் பதினாறு வரி எழுதினேன். பழக்கதோஷத்தில் ‘ஒப்பற்ற ஒளி’ இரண்டு இடத்தில் வந்துவிட்டது.

வீட்டு முற்றத்தில் சிலை நின்றது. பட்டுச் சேலை மடிப்பு, மார்பின் மேல் மடங்கிய கை. அந்தக் கையை எங்கோ பார்த்திருக்கிறேன் என்று ஒரு கணம் தோன்றியது, ஆனால் துக்கம் யோசிக்க விடவில்லை. முதலாளி வராந்தாவில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அந்தக் கோலமும் சந்தேகத்துக்கு இடம் தரவில்லை. சிலையின் முன் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

ஆறாவது வரியில் பின்னால் இருந்தவர்கள் விலகுகிற சத்தம் கேட்டது. திரும்பினால், கையில் செம்போடு முதலாளியம்மா. எங்களுக்கு முன்னால் துக்கம் விசாரிக்க, எங்கள் பேச்சில் துட்டி கேட்க, வந்தவர்களுக்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்தாராம். என் வாய் நின்றுபோயிற்று.

“படிங்க தம்பி, நிப்பாட்டாதீக,” என்று அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

படித்தேன். மீதிப் பத்து வரிகளையும் படித்தேன். அவர் வள்ளல்தன்மை, அவர் கற்பு, அவர் பிரிவால் வாடும் விருதுநகர் என எல்லாவற்றையும் அவரிடமே சொன்னேன். ஓவியர் மட்டும் பழக்கத்தில் ஒரு இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடிந்ததும் முதலாளியம்மா கேட்டார்:

“எல்லாம் சரிதான். இதுல என் பேரு எங்கன இருக்கு?”

தாளைப் பார்த்தேன். முதலாளியின் பெயர் நான்கு இடத்தில் இருந்தது. அவருடையது இல்லை. விட்டுப்போகவில்லை, எனக்குத் தெரியாது. எட்டு வருஷம் அந்தக் குடும்பத்தின் சம்பளம் வாங்கியிருக்கிறேன். திரும்பி, கூட வந்த இருபது பேரையும் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியாது. மூவாயிரம் வருஷத்துக்கு முன் செத்துப்போன சீமாட்டியின் பெயர் எனக்கு எழுத்துப் பிசகாமல் தெரியும்.

“அம்புட்டுப் பேருக்கும் முதலாளியம்மாதான்,” என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. “அதான் தம்பி, செஞ்சு வச்சேன்.”

முதலாளியின் கவலை வேறு. உயிரோடிருக்கும்போது சிலை ஆகாது, ஊர் சிரிக்கும் என்று காலையிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தாராம். அந்த வாதத்தை என் செய்யுள் தீர்த்துவிட்டது. ஊரே துட்டி கேட்டு மோரும் குடித்துவிட்டுப் போனபிறகு, புதிதாகச் சிரிக்க என்ன பாக்கி? மல்லாங்கிணறு போகிற சாலையில் அம்மாவுக்குப் பிறந்த வீட்டார் கொடுத்த புஞ்சை இருந்தது. அங்கே வைத்துக்கொள்ளட்டும், ஆனால் பீடத்தில் இன்னாருடைய மனைவி என்று இருக்க வேண்டும் என்று முதலாளி இறங்கி வந்தார்.

அம்மா அதற்கும் அசையவில்லை. “அவுக பேரு போர்டுல இருக்கு, லேபிள்ல இருக்கு, லாரியில இருக்கு. ஒரே ஒரு கல்லுல என் பேரு தனியா இருந்துட்டுப் போகட்டுமே.”

முதலாளி எழுந்து உள்ளே போய்விட்டார். அந்த வீட்டில் அதற்குச் சம்மதம் என்று பொருள்.

பீடத்துக்கு வாசகம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. உலகின் நிலையாமை பற்றி அரைப்பக்கம் எழுதிக் கொடுத்தேன். அம்மா அதை மடித்துச் சிலையின் அடியில் முட்டுக் கொடுக்கச் சொல்லிவிட்டு, தாமே சொன்னார்: முதலில் பெயர். அதன் கீழே, ‘தண்ணி குடிச்சிட்டுப் போங்க. குடிக்கும்போது இந்தப் பேரை ஒரு தடவை சொல்லுங்க.’ பக்கத்தில் வேப்பமரத்தடியில் ஒரு தண்ணீர்ப் பந்தல் போட்டார்கள். சிலைக்குக் கண் மட்டும் எழுதவில்லை. ஆள் இருக்கும்போது கண் திறக்க மாட்டேன் என்று சுதைக்காரர் பிடிவாதமாக மறுத்துவிட்டார்.

ஆறேழு வருஷம் கழித்துச் சுதைக்காரர் தூரிகையோடு வந்து கண் திறந்தார். அம்மாவின் காரியங்களை அண்ணன் மகன்கள் குறையில்லாமல் செய்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த முறை நான் செய்யுள் எழுதவில்லை. எழுதச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை.

என் நினைவுகளில் யார் பெயரையும் எழுதுவதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். மற்ற யாருக்கும் அதனால் நஷ்டமில்லை. இவர் விஷயத்தில் மட்டும் அது உறுத்துகிறது. தாகம் எடுத்தவர்கள் அங்கே போய்ப் படித்துக்கொள்ளலாம்.

கண் திறந்ததற்கு அடுத்த வருஷம் ஒரு மத்தியானம் நானும் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கினால், பருத்தி எடுக்கிற பெண்கள் பந்தலின் முன் வரிசையாக நின்றிருந்தார்கள். என் முறை வந்தது. தண்ணீரை மொண்டு குடித்தேன். சிலையை நிமிர்ந்து பார்த்து, கண்ணை மூடி, அவர் பெயரை நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். ரொட்டியும் தண்ணீரும் கிடைக்கட்டும் என்று எகிப்து முறைப்படி முழுவதையும் தொடங்கினேன்.

பின்னால் நின்ற பெண் தோளைத் தட்டினாள்.

“பேரு சொல்லியாச்சுல்ல? செம்பை வச்சிட்டு நகளுங்க. இங்கன ஆளு நிக்கிது.”