படிக்காமல் அழித்த பதில்

மலைமேல் தேவனூர் நாடு என்கிற ஊர்த்தொகுதியில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். என் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் அம்மா, ஒருநாள் பள்ளி விட்ட பிறகு தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னாள். அந்த அம்மாவுக்கு வலிப்பு நோய் உண்டு. மாமியாருக்குத் தெரியாமல் மாத்திரை சாப்பிட்டு வருகிறாள்.

"இன்னொரு குழந்தைக்கு ஆசைப்படறோங்க. இந்த மாத்திரையோட உண்டானா ஒண்ணும் ஆகாதுங்களா, டீச்சர்?"

விசாரித்துச் சொல்வதாக அனுப்பிவைத்தேன். விசாரித்தது போனில் இருந்த ஏஐ செயலியிடம். அவள் பெயர், ஊர், மாத்திரையின் பெயர் எல்லாவற்றையும் எழுதினேன். நீளமாகப் பதில் வந்தது. நிதானமாகப் படிக்கலாம் என்று வைத்தேன். காலாண்டுத் தேர்வு வந்தது, மறந்தே போனேன்.

அடுத்த மாதம் நாமக்கல்லில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி. அந்தச் செயலியின் செட்டிங்ஸைத் திறக்கச் சொன்னார் பயிற்சியாளர். நாம் எழுதுவதை ஏஐக்குக் கற்றுக்கொடுக்கப் பயன்படுத்த அனுமதி என்று ஒரு வரி. என் போனில் அது ஆனில் இருந்தது. அணைத்தால் இனிமேல் எழுதுவதை எடுக்காது, ஏற்கெனவே எடுத்தது திரும்பி வராது என்றார் அவர்.

"நான் கேட்டதெல்லாம் குழம்பு வைக்கிறதுதான்" என்று பக்கத்து டீச்சர் சிரித்தார். எனக்கு அவள் பெயரை எழுதியது நினைவுக்கு வந்தது. அனுமதியை அணைத்தேன். அவள் பெயர் இருந்த உரையாடலைத் தேடி, படிக்கக்கூடத் தைரியமில்லாமல் அழித்தேன்.

மறுநாள் மாலை அவளைத் தேடிப் போனேன். மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"என் பேரையுமாங்க போட்டீங்க?"

"ஆமாம்மா. தப்புப் பண்ணிட்டேன்."

கிழங்கிலிருந்த மண்ணைத் தட்டினாள். "எங்க மாமியாருக்குத் தெரிஞ்சுருங்களா?"

"தெரியாது."

"அப்ப உடுங்க. அது என்ன சொல்லுச்சுங்க?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. படிக்காமலே அழித்துவிட்டதைச் சொன்னேன்.

"நீங்க ஒண்ணும் சொல்லாததுனால, கொழந்தைக்கு ஆகாதாட்டம் இருக்குதுன்னு நானே மாத்திரைய நிறுத்திட்டேனுங்க. பத்து நாளாச்சு. முந்தாநேத்து கிறுகிறுன்னு வந்துச்சு."

அங்கேயே நின்று, பெயர் ஊர் எதுவும் போடாமல் மறுபடி கேட்டேன். மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது, உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதுதான் முதல் வரி. அழித்த பதிலிலும் அதுதான் இருந்திருக்கும்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு மலையிறங்கினேன். "யாரைக் கேட்டு நிறுத்தினே?" என்று டாக்டர் கடிந்துகொண்டார். அவள் தலை குனிந்து வாங்கிக்கொண்டாள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அந்தத் திட்டு எனக்கு வந்திருக்க வேண்டியது. நானும் வாய் திறக்கவில்லை.

இனி உண்டாகப்போகும் குழந்தைக்கு ஏற்றபடி மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். நன்றாக இருக்கிறாள். இப்போதும் பள்ளிக்கு வருகிறாள், மகள் எப்படிப் படிக்கிறாள் என்று சிரித்தபடி கேட்கிறாள். தன்னைப் பற்றி மட்டும் என்னிடம் எதுவும் சொல்வதில்லை.